வெண்கலக் குரலின் வீழ்ச்சி

என் குரல்மேல் எனக்கொரு கர்வம் இருந்தது. பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிற குடும்பத்தில் பிறந்தவன் நான். வீட்டை ஒட்டியே தறிக்கூடம். விசைத்தறி ஓடும் கூடத்துக்குள்ளே சத்தம் சாதாரணமாக 90 டெசிபலைத் தாண்டும். அதற்கு மேலே பேசினால்தான் அங்கே பேச்சு. ஆகவே எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அப்பா குழம்பில் உப்பில்லை என்று சொன்னால், இரண்டு வீதி தள்ளி இருக்கும் சித்தி வீட்டில் உப்பு ஜாடியைத் திறப்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில், “பையன் ரொம்ப சாதுங்க” என்று அப்பா முழங்கிய முழக்கத்தில் பெண் வீட்டார் பின்வாங்கப் பார்த்ததாக என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள்.

அந்தக் குரலோடுதான் அறிவியல் ஆசிரியர் ஆனேன். விதியைப் பாருங்கள், எனக்கு வாய்த்த பள்ளியின் பின்சுவரை ஒட்டியும் ஒரு தறிக்கூடம். மற்ற ஆசிரியர்கள் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாடம் நடத்துவார்கள். நான் சாத்த மாட்டேன். தறிக்கும் எனக்கும் நேருக்கு நேர் போட்டி, அன்றாடம் வெற்றி எனக்கே என்பது என் எண்ணம். பக்கத்து வகுப்பில் தமிழ் எடுக்கும் அம்மா ஒருநாள், “ஏனுங்க சார், உங்க நியூட்டன் விதி மூணும் எங்க பசங்களுக்கு மனப்பாடமாயிருச்சுங்க. கம்பராமாயணந்தான் ஏற மாட்டேங்குது” என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நன்றி சொன்னேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். இரண்டு காதிலும் கேட்புக் கருவி. கூடவே ஒரு சின்னப் பெட்டியில் ஆசிரியர் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கம்பியில்லா மைக். நான் பேசுவது வகுப்பின் இரைச்சலைத் தாண்டி நேராக அவள் காதுக் கருவிக்குப் போய்ச் சேரும் என்று வட்டார வளமையத்திலிருந்து வந்த சிறப்பாசிரியை விளக்கினார். நான் சிரித்தேன். “எனக்கெதுக்குங்க மைக்கு? இந்தக் குரலுக்குக் கல்லும் எந்திரிச்சு உக்காரும்.”

பெட்டியை வாங்கி ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். உடைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது? அரசு கொடுக்கும் எந்தக் கருவியும் எங்கள் பீரோவுக்குள் நூறு வயது வாழும். வெளியே எடுத்தால்தான் அதன் ஆயுளுக்கு ஆபத்து. அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. முதல் பெஞ்சில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகா, என்ன கவனம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் உதட்டைப் படிக்கிறாள் என்பதும், உதடு கிடக்க வேண்டிய இடத்தில் என் மீசை கிடக்கிறது என்பதும், பாதி நேரம் நான் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு அதற்குத்தான் பாடம் நடத்துகிறேன் என்பதும் எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த முறை வந்த சிறப்பாசிரியை பீரோவைப் பற்றிக் கேட்கவே இல்லை. கெட்டிக்காரர். “சார், சும்மா ஒரு பத்து வார்த்தை சொல்லுங்க, புள்ளைங்க எழுதட்டும்” என்றார். வழக்கம்போலத் திரும்பி நின்று, தறி ஓட ஓட, கர்ஜித்தேன். அவர் வாங்கிப் பார்த்தது அந்தப் பெண்ணின் தாளை அல்ல. கடைசி பெஞ்சுக்காரர்களின் தாள்களை. காந்தம் என்று நான் சொன்னது சாந்தம் ஆகியிருந்தது. வேகம், வேதம் ஆகியிருந்தது. அறிவியல் பாடத்தில் கடைசி வரிசை மட்டும் தனியாக ஆன்மிகம் படித்துக்கொண்டிருந்திருக்கிறது.

இதில் வெட்கம் என்னவென்றால், ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் ஒலி என்றே ஒரு பாடம் உண்டு. எதிரொலி கேட்க எவ்வளவு தூரம் வேண்டும் என்று வருடாவருடம் கணக்குப் போட வைப்பவன் நான். ஆனால் சிறப்பாசிரியை சொல்லித்தான் என் வகுப்பறையின் ஒலி எனக்குப் புரிந்தது. பேச்சில் பலமெல்லாம் உயிரொலியில் இருக்கிறது. எந்தச் சொல் என்று பிரித்துக் காட்டுவது மெய்யொலி. க, ச, த, ப எல்லாம் சொடுக்குப்போடும் நேரத்தில் வந்து போகும் மெலிந்த ஓசைகள். நான் கத்தக் கத்த ஆகாரமும் ஏகாரமும்தான் ஊதிப் பெருத்தன. மெய் அப்படியே நோஞ்சானாகக் கிடந்தது. தவிர, வாயிலிருந்து நேரே போகும் ஒலி, தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். முதல் பெஞ்சுக்குப் போனதில் மிச்சம் மீதிதான் கடைசி பெஞ்சுக்கு. அந்த மிச்சத்தின்மேல் மின்விசிறி, தறி, சிமென்ட் சுவரில் பட்டுத் திரும்பும் என் சொந்த முழக்கம். அமெரிக்காவில் 2002இல் வகுப்பறைக்கென்று ஒரு தரம் வகுத்தார்கள். ஆளில்லாத அறையில் இரைச்சல் 35 டெசிபலுக்கு மேல் போகக்கூடாதாம். எங்கள் பள்ளியில் அந்த அமைதி கிடைக்க வேண்டுமானால் தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்ய வேண்டும்.

பெரியவர்களுக்குப் பாதி கேட்டாலும் மீதியை ஊகித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. பிள்ளைகளுக்கு அந்த ஊகம் இன்னும் முற்றவில்லை. அதுவும் முதல்முறையாகக் கேட்கிற சொல்லை எதை வைத்து ஊகிப்பது? சாந்தம் தெரிந்த சொல், எழுதிவிட்டான். அவன் மேல் என்ன தப்பு?

பீரோவைத் திறந்தேன். மைக்கை மாட்டிக்கொண்டேன். போகிறபோக்கில் சிறப்பாசிரியை, “மீசையையும் கொஞ்சமாக் கத்தரிச்சுக்கலாமுங்களா சார்?” என்று கேட்டார். மீசை விஷயத்தில் நான் எடுத்துக்கொண்ட கால அவகாசத்தை இங்கே எழுதப்போவதில்லை.

மாட்டிய அன்றே மைக் என்னைக் காட்டிக்கொடுத்தது. இடைவேளையில் அதை அணைக்காமலே ஆசிரியர் அறைக்குப் போய்விட்டேன். எனக்குச் சர்க்கரை உண்டு. அங்கே யாருக்கோ பேரன் பிறந்து லட்டு வந்திருந்தது. “வீட்டுக்குத் தெரியாது, இன்னொண்ணு குடுங்க” என்று நான் சொன்னது, சுவரைத் தாண்டி ஒன்பதாம் வகுப்பு முதல் பெஞ்சில் இரண்டு காதுகளுக்குத் தெள்ளத் தெளிவாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அடுத்த பீரியடில் அந்தப் பெண் எழுந்து நின்று, “சார், லட்டு நல்லா இருந்துச்சுங்களா?” என்றாள். அவளுடைய அம்மாவும் என் மனைவியும் ஒரே ரேஷன் கடை. சாயங்காலம் நான் வீட்டுப்படி ஏறும்போது செய்தி எனக்கு முன்னால் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது அந்த வகுப்பில் அதுதான் முதல்முறை. அன்றைக்கு அவளைச் சுற்றிக் கூட்டம்.

நடுவில் அந்தக் கருவி பழுதுபார்க்கப் போயிற்று. அது திரும்பி வரும்வரை சமாளிக்க, இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஒலிபெருக்கி ஒன்றை வாங்கினேன். சந்தையில் தக்காளி விற்பவர்கள் வைத்திருப்பார்களே, அதுதான். கட்டிக்கொண்டு, திருகை முழுதாகத் திருப்பி, என் சொந்தக் குரலிலும் ஒன்றும் குறைக்காமல் ஒளிவிலகல் நடத்தினேன். முதலில் அது ஊளையிட்டது. பிறகு நான். அரை மணி நேரத்தில் பின்சுவர்த் தறிக்கூடத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. சத்தம் தாங்கவில்லையாம். தறிக்காரர்கள் சத்தத்தைப் பற்றிப் புகார் கொடுத்த ஒரே ஆசிரியர் இந்த மாவட்டத்தில் நானாகத்தான் இருப்பேன்.

சிறப்பாசிரியை அந்தப் பெட்டியை என் இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கடைசி பெஞ்சுப் பக்கத்து அலமாரியில் வைத்தார். “சத்தம் ஏத்தறதுக்கில்லீங்க சார், பக்கத்துல கொண்டுபோறதுக்கு. நீங்க வீட்டுல பேசற மாதிரிப் பேசுங்க” என்றார். என் வீட்டைப் பற்றி அவருக்குத் தெரியாது. “மத்தவங்க வீட்டுல பேசற மாதிரிப் பேசுங்க” என்று பிறகு திருத்திக்கொண்டார்.

அதற்குப் பின் நடந்ததை மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். கடைசி பெஞ்சு ஒரே நாளில் மேதைகளாகிவிடவில்லை. ஆனால் கேள்வி கேட்டால் பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கும் வழக்கம் குறைந்தது. பாதி குறும்பு, “என்னடா சொன்னாரு?” என்று விசாரிப்பதில் தொடங்கியதுதான் போலிருக்கிறது, விசாரணை தேவைப்படாதபோது குறும்பும் மெலிந்தது. ஒருவன் மட்டும் பெட்டிக்குப் பக்கத்திலேயே நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தான். நான் ‘தூங்குமூஞ்சி’ என்று பட்டம் கொடுத்து வைத்திருந்தவன். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டியபோது, காதில் அடிக்கடி சீழ் வந்து செவிப்பறையில் ஓட்டை என்றார்கள். சளி பிடித்தால் அவனுக்கு இன்னும் மந்தமாகக் கேட்கும். விட்டால் கொஞ்சம் தேறும். இப்படி ஏறி இறங்கும் கேள்விக்குறை எங்கள் மாதிரி ஊர்களில் பிள்ளைகளுக்கு அபூர்வமே இல்லை. வெளியே தெரியாது, சோம்பேறித்தனமாகத்தான் தெரியும். அவனுக்குக் கருவி கிடையாது, சான்றிதழ் கிடையாது. பட்டம் மட்டும் என் உபயம்.

1970களின் பிற்பகுதியிலேயே அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். இலேசான கேள்விக்குறை உள்ள பிள்ளைகளைத் தனி அறைக்கு அழைத்துப்போய்ச் சொல்லிக்கொடுப்பதற்குப் பதிலாக, பொது வகுப்பில் ஆசிரியரின் குரலை எல்லோருக்குமாகப் பெருக்கிக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளும் முன்னேறினார்கள், நன்றாகக் காது கேட்கும் பிள்ளைகளும் முன்னேறினார்கள். ஆசிரியரின் தொண்டை பிழைத்தது உபரி லாபம். எனக்கும் அப்படித்தான். மாலையில் தொண்டை மிச்சமிருந்தது. வீட்டில் நான் தாழ்ந்த குரலில் தண்ணீர் கேட்டபோது, மனைவி நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

இத்தோடு விட்டிருந்தால் மானம் தப்பியிருக்கும். பேசுவதை எழுத்தாகக் காட்டும் செயலியையும் போட்டுப் பார்க்கலாம் என்றார் சிறப்பாசிரியை. கூகுள் 2019இல் வெளியிட்ட லைவ் டிரான்ஸ்கிரைப். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டிமிட்ரி கனெவ்ஸ்கி சிறு வயதிலேயே கேட்கும் திறனை இழந்தவர். தமிழும் அதற்குத் தெரியும். செல்பேசியை மேசைமேல் வைத்துப் புரொஜெக்டரில் இணைத்துவிட்டு, ஒளிச்சேர்க்கைப் பாடத்தை ஆரம்பித்தேன்.

திரையில் என் பேச்சு ஓட ஓட வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ‘அதாவது வந்து என்ன சொன்னேன் ஆங் இலை இருக்குதல்ல இலை டேய் நீ எந்திரி எதுக்கு அங்க பாக்கற அதாவது வந்து.’ இருபத்தைந்து வருடமாக நான் சரளமாகப் பேசுகிறவன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியம்கூடக் கரை சேரவில்லை. பாடம் கொஞ்சம், மிச்சமெல்லாம் திட்டு, இருமல், நான் கல்லூரிக்குப் பேருந்துப் படியில் தொங்கிக்கொண்டு போன கதை.

அதுகூடப் பரவாயில்லை. திரையில் திரும்பத் திரும்ப ‘ஒலிச்சேர்க்கை’ என்றே வந்தது. செயலிக்குத் தமிழ் போதவில்லை என்று அதன்மேல் பழிபோட்டேன். தமிழ் அம்மாவைக் கூப்பிட்டு வந்து சொல்லச் சொன்னேன். அவர் சொன்னதும் ஒளிச்சேர்க்கை என்று அழகாக விழுந்தது. மறுபடி நான் சொன்னேன். ஒலிச்சேர்க்கை. சின்ன வயதில் வெள்ளிக்கிழமைதோறும் தூர்தர்ஷன் முன்னால் தவம் கிடந்து பார்த்த ஒளியும் ஒலியும் நிகழ்ச்சியை, வாழ்நாள் முழுக்க நான் ஒலியும் ஒலியும் என்றே சொல்லி வந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் யார் காதுக்கும் அந்த வித்தியாசம் எட்டியிருக்காது, தறி நடுவில்.

இரவில் பழைய விடைத்தாள் கட்டை எடுத்துப் பார்த்தேன். தாவரங்கள் ஒலிச்சேர்க்கை செய்கின்றன என்று பலர் எழுதியிருந்தார்கள். எழுத்துப்பிழைக்கு அரை மதிப்பெண் குறைத்து, ‘கவனம் தேவை’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன். அவர்கள் கவனமாகத்தான் இருந்திருக்கிறார்கள். நான் சொன்னதை ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதியிருக்கிறார்கள்.

பேசுவது திரையில் எழுத்தாகவும் தெரிந்தால் யாருக்கு லாபம் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த பிரிஜ் கோத்தாரி ஒரு ஸ்பானியப் படத்தை ஆங்கிலத் துணை எழுத்துகளோடு பார்த்தபோது, எழுத்தும் ஸ்பானியத்திலேயே இருந்தால் மொழி பழகலாமே என்று நினைத்தார். 1996இல் அகமதாபாத் ஐஐஎம்மில் அந்த யோசனையை எடுத்துக்கொண்டு, திரைப்பாடல் காட்சிகளுக்குக் கீழே பாடுகிற மொழியிலேயே வரிகளை ஓடவிடும் வேலையைத் தொடங்கினார். பிறகு தூர்தர்ஷனின் சித்ரஹார் பாட்டு நிகழ்ச்சியிலும் அது வந்தது. படிக்கத் தொடங்கிவிட்டுத் தடுமாறுகிறவர்கள், பாட்டுக் கேட்கிற சாக்கில் தம்மை அறியாமலே படித்துப் பழகினார்கள். காது கேட்காதவர்களுக்கும் அதே வரிகள் கைகொடுத்தன.

என் வகுப்பில் பீகாரிலிருந்து வந்த ஒரு பையன் இருந்தான். அப்பாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. கபடி மைதானத்தில் கொங்குத் தமிழில் சண்டை போடுவான். எழுத்து மட்டும் பிடிபடவில்லை. திரை வந்தபிறகு அவன் நான் பேசப் பேசத் திரையைப் பார்த்து எழுத ஆரம்பித்தான். ஒருநாள் கையைத் தூக்கி, “சார், அது வாழ்க்கை. நீங்க வால்க்கைங்கறீங்க” என்றான். அவன் தமிழ் எழுத்தைப் புதிதாகத் தமிழ் அம்மாவிடம் கற்றவன். அவனுக்கு ழகரம் வந்தது. எனக்கு இன்னும் வந்தபாடில்லை. வாழைப்பழத்தை வைத்து நா பழக்குகிற அந்தப் பழைய வாக்கியத்தைக் குளியலறையில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பத்தாம் வகுப்பில் பார்வையற்ற பையன் ஒருவன். அவனிடம் மடிக்கணினி இருந்தது. அதில் திரையைப் படித்துக்காட்டும் என்விடிஏ. மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் உருவாக்கி இலவசமாகக் கொடுக்கும் மென்பொருள். அவனுக்காக என் பாடக்குறிப்புகளை ஸ்கேன் செய்து பெருமையோடு அனுப்பினேன். “சார், ஃபைல் பேசவே மாட்டேங்குதுங்க” என்றான். பேசாது. நான் அனுப்பியது எழுத்து அல்ல, எழுத்தின் புகைப்படம். இந்தத் தட்டை ஸ்கேனரின் மூதாதையே, ரே கர்ஸ்வைல் 1976இல் பார்வையற்றோருக்காகக் கொண்டுவந்த வாசிப்பு இயந்திரத்துக்குச் செய்த உறுப்புதான். அவர்களுக்காகப் பிறந்த பொருளை வைத்தே அவர்களால் படிக்க முடியாத ஒன்றைத் தயாரிக்கத் தனித் திறமை வேண்டும்.

ஸ்கேன் வேண்டாம், தட்டச்சு செய்த கோப்பையே தருகிறேன் என்று அதை அனுப்பினேன். அது பாமினி எழுத்துருவில் இருந்தது. அந்த மாதிரிப் பழைய எழுத்துருக்களில் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. திரையில் தெரியும் உருவம் மட்டும் தமிழ். பையன் அம்புக்குறியை ஒவ்வொன்றாகத் தட்ட, இயந்திரம் உரக்கப் படித்தது: ஜே, கே, பீ, ஓ, செமிகோலன். தமிழ் என்கிற சொல்தான் அது. “இது என்ன மொழிங்க சார்?” என்று கேட்டான், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆர்வத்தோடு.

கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010ஆம் ஆண்டிலேயே தமிழைத் தமிழாகவே கணினிக்குள் வைக்கும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டு ஆணை போட்டுவிட்டது. மாநாட்டோடு சேர்த்து இணையத் தமிழ் மாநாடும் நடந்தது. நானும் போயிருந்தேன், ஊர்வலத்தில் அலங்கார வண்டிகளைப் பார்க்க. பார்த்துவிட்டு, போண்டா சாப்பிட்டுவிட்டு, பாமினியோடு வீடு திரும்பி வருடக்கணக்கில் நிம்மதியாக இருந்தேன்.

குறிப்புகளை யூனிகோடுக்கு மாற்றியது அவன் ஒருவனுக்காக. ஆனால் மாற்றிய வாரமே மற்ற பிள்ளைகள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அதுவரை என் கோப்புகள் அவர்கள் செல்பேசியில் கட்டம் கட்டமாகவும் ஆங்கிலக் குப்பையாகவும்தான் திறந்திருக்கின்றன. மரியாதைக்கு எல்லோரும் ‘நன்றி சார்’ போட்டிருக்கிறார்கள். இப்போது தேட முடிந்தது. ஒருத்தி ‘விசை’ என்று தேடி, ஒரே வரையறையை நான் மூன்று இடத்தில் மூன்று விதமாகக் கொடுத்திருப்பதைக் கண்டுபிடித்தாள். வாசிக்கத் திணறுகிறவர்கள் செல்பேசியை வாசிக்கச் சொல்லிவிட்டு விரலால் வரியைத் தொடர்ந்தார்கள். எங்கள் பக்கம் பல வீடுகளில் சாயங்காலம் பனியனுக்குப் பிசிறு வெட்டும் வேலை நடக்கும். துணிக்குவியல் நடுவில் அம்மா, அக்கா, பாட்டியோடு பிள்ளையும் கத்தரியோடு உட்காரும். கை ஓயாது, கண் துணியில். காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்கு என் பாடக்குறிப்பு போக ஆரம்பித்தது. ஒரு பாட்டி பள்ளிக்கூட்டத்துக்கு வந்தபோது, “அந்த மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் இன்னும் கொஞ்சம் வெவரமாச் சொல்லோணுமுங்க” என்று கேட்டுக்கொண்டார்.

பார்வை மங்கலான இன்னொருவனுக்காகப் பெரிய எழுத்தில் அச்சடித்த வினாத்தாளில் ஒரு படி கூடுதலாகப் போட்டு யாருக்கும் தெரியாமல் நான் வைத்துக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வெள்ளெழுத்து வந்து நாளாகிறது. கண்ணாடி போட்டால் வயசாகிவிடும்.

எல்லோருக்கும் பயன், எல்லோருக்கும் பயன் என்று நான் பிறகு கூட்டங்களில் எல்லாம் பேச ஆரம்பித்தேன். தாழ்ந்த குரலில்தான். அந்தப் பேச்சில் ஒரு வழுக்கல் இருக்கிறது. ஒருநாள் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்ற வேண்டியிருந்தது, பள்ளிக் கணினி மக்கர். பத்தாம் வகுப்புப் பையனிடம், “ஒரு பீரியடுக்குக் குடு தம்பி” என்று அவன் மடிக்கணினியை வாங்கிக்கொண்டேன். பொதுவாகப் பயன்படும் பொருள்தானே. பீரியட் முழுக்க மற்றவர்கள் புத்தகத்தைத் திறந்து படித்தார்கள். அவன் மேசைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாற்பது பேருக்கு வசதியாக இருப்பது ஒருவனுக்குப் புத்தகமே. திருப்பிக் கொடுத்தபோது அவன்தான் எனக்கு நன்றி சொன்னான், பழக்க தோஷத்தில்.

வகுப்பறைக்கு வருகிற இயந்திரம் எல்லாமே உயர்வு என்றும் நான் சொல்லவில்லை. மின்னணுப் பலகையில் நான் சாக்பீஸால் எழுதிய வரலாறு உண்டு. அதை விரிவாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அந்தப் பெண் போன ஜூனில் மேல்வகுப்புக்கு வேறு பள்ளி போய்விட்டாள். கழுத்து மைக்கும் அவளோடு போயிற்று, அவளுடையதுதானே. சந்தை ஒலிபெருக்கி ஆவி விட்டது. வகுப்புக்கென்று நல்ல மைக்கும் பின்வரிசைக்கு ஒரு ஸ்பீக்கரும் வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் போய் நின்றேன்.

“அந்தப் புள்ளதான் போயிருச்சுங்களே சார், இனி எதுக்குங்க?” என்றார். நியாயமான மனிதர். பீரோவைப் பூட்டிய காலத்தில் நான் பேசிய பேச்சுதான். இருந்தாலும் ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். பயனாளியின் பெயர் என்று ஒரே ஒரு வரி. அதில் கடைசி பெஞ்சு முழுவதையும் எழுத இடமில்லை. தறிக்கூடத்தைச் சேர்க்க வழியில்லை. யோசித்துவிட்டு என் பெயரை எழுதினேன். அடுத்த வரி, குறைபாட்டின் வகை. ல, ள, ழ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

தலைமையாசிரியர் கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார். சிரிப்பார் என்று பார்த்தேன். படிவத்தின் அடியில் இருந்த ஒரு கட்டத்தைப் பேனாவால் தட்டிக்காட்டினார்.

“இதுக்கு மருத்துவச் சான்று இணைக்கோணுமுங்க சார். அட்டை இருக்குதுங்களா?”